தைலமரக் காட்டில் ஒளித்து வைத்த தூக்குச்சட்டிகள்

ஒரு வாரம் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு ஜி.பி.எஸ். கருவிகள் கிடந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும், மழையில் நனைந்தாலும் தாங்கும், வானத்தில் பிடிக்கும் செயற்கைக்கோள்களும் ஒன்றேதான். திருச்சிக் கடைக்காரர் என் பழைய மாணவியின் அப்பா. “ரெண்டையும் கொண்டு போய்ப் பாருங்க டீச்சர், வேணாங்கிறதைத் திருப்பிக் குடுங்க” என்று கொடுத்துவிட்டார். திருமயத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் நான் என்பதால், எது வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பை ஊரே என் தலையில் கட்டிவிட்டது. எனக்கும் அதில் பெருமைதான்.

ஊர் என்றால் என் வீட்டுக்காரர் பிறந்த ஊர், அரிமளத்துக்குப் பக்கம். அங்கே கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாரி ஒன்று தைலமரக் காட்டுக்குள் புதைந்து கிடந்தது. மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடும் வருஷம் அது. அதற்குள் வாரி எங்கே ஓடியது என்று காட்டாவிட்டால் அதன் மேலேயே அடுத்த வரிசைக் கன்று நின்றுவிடும். அப்புறம் கண்மாய்க்கு வானத்திலிருந்து விழுவது மட்டும்தான்.

முதல் தடவை வனத்துறை அதிகாரி வந்தபோது நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். வாரியின் தடம் தெரிந்தவள் என் நாத்தனார். எங்கே நொச்சி நிற்கிறது, எங்கே கூழாங்கல் புரண்டு கிடக்கிறது என்று பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து வாரி நெடுக மரங்களில் கட்டி வைத்திருந்தாள். காட்டை ஒட்டி அய்யனார் கோயில் இருக்கிறது. கோயிலுக்கு வந்த பெண்கள் மஞ்சள் துணியைப் பார்த்ததும் யாரோ நேர்ந்துகொண்டு கட்டியது என்று நினைத்து, தங்கள் பங்குக்கும் ஆளுக்கொரு துணி கட்டிவிட்டார்கள். அதிகாரி வந்த அன்று நாத்தனாருக்கு வேலை நாள். என் வீட்டுக்காரரும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் துணியை நம்பி அவரை அழைத்துப் போனார்கள். பிள்ளை வரம் கேட்ட துணி, கல்யாண வரம் கேட்ட துணி எல்லாவற்றையும் சுற்றிக்காட்டிக் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டார்கள். வழி பார்க்க வைத்திருந்த போனும் வெயிலில் சூடேறி அணைந்துபோயிருக்கிறது. நல்ல மனுஷர், கோபப்படவில்லை. “துணியெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஜி.பி.எஸ். எண் குறிச்சு வைங்க. இன்னொரு நாள் என் கருவியோட வந்து ஒப்பிட்டுப் பாக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருவிகள் வீட்டுக்கு வந்த அன்றே நான் மஞ்சளை முடிவு செய்துவிட்டேன். தொடுதிரை, வண்ணப் படம், விரலால் இழுத்தால் ஊரே நகரும். பச்சையில் சின்னத் திரை, பக்கவாட்டில் நாலு பொத்தான், உள்ளே இரண்டு பென்சில் பேட்டரி. என் மாமனார் வைத்திருந்த ரேடியோ கூட அதைவிட அழகாக இருக்கும்.

நாத்தனார் இரண்டையும் மாறி மாறிக் கையில் எடுத்து எடை பார்த்தாள். நூறு நாள் வேலையில் அவள்தான் பணித்தளப் பொறுப்பாளர். வேலைக்கு வந்தவர்களை நின்ற இடத்திலேயே படம் பிடித்து போனில் ஏற்றுவது அவள் பாடு. சிக்னலுக்காக வரப்பு வரப்பாக அலைந்தவள் என்பதால் எந்தக் கருவியையும் உடனே நம்பமாட்டாள்.

“சோத்தை ஒளிச்சு வச்சுப் பாப்போம் மதினி” என்றாள். “பசிச்சா எது நல்ல மெஷினுன்னு தெரிஞ்சுரும்.”

அந்தச் சனிக்கிழமை காட்டுக்குள் போனோம். தைலமரக் காட்டுக்குள் நிற்பது மாதிரி ஒரு குழப்பம் வேறு எங்கும் இல்லை. எங்கிட்டுத் திரும்பினாலும் அதே மரம், அதே இடைவெளி. இரண்டு தூக்குச்சட்டிகளை இரண்டு இடத்தில் புதருக்குள் வைத்து, இரண்டு கருவியிலும் குறித்துக்கொண்டோம். ஒரு மணி நேரம் கண்டபடி சுற்றினோம். பிறகு ஆளுக்கொரு கருவியுடன் பிரிந்தோம். நான்தான் முதலில் என் சட்டியைக் கண்டுபிடித்தேன். அவள் வந்து சேர்வதற்குள் பாதி எலுமிச்சைச் சோற்றை முடித்துவிட்டு, மஞ்சளின் மகிமையைப் பீற்றிக்கொண்டேன்.

“இப்ப மாத்திக்குவோம்” என்றாள்.

மஞ்சள் அவள் கையில் வேலை செய்யவில்லை. தட்டினாள், திரை அசையவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், வேர்வை, செம்மண். நான் எட்டி ஒரு தட்டுத் தட்டினேன், உடனே திறந்துகொண்டது.

“ரேஷன் கடையிலயும் இதே கதைதான். என் ரேகையை ஆளுன்னே ஏத்துக்கிறதில்ல” என்று சிரித்தாள்.

“போன்ல மட்டும் எப்படித் தட்டுறே?”

“நெழல்ல உக்காந்து, கையைக் கழுவி, நாலு தடவை தட்டுவேன். ஆபீசரு அதுவரைக்கும் நிப்பாரா?” என்றவள், கொஞ்சம் பொறுத்து, “ஒங்க கைக்கு நல்லாத்தான் கேக்குது. அன்னைக்கு நீங்க வந்துருவீங்கள்ல?” என்றாள்.

“வராம எங்க போறேன்?” என்றேன். அவள் மஞ்சளை என் கையில் கொடுத்துவிட்டு மீதிச் சோற்றை எடுத்துக்கொண்டாள். நான் பச்சையைத் திருச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. அவள் தராசாக நின்று இரண்டையும் நிறுத்துக் காட்டினாள், நான் படத்தின் வண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி நாள் சொன்ன அதே வாரம் பள்ளியில் தேர்வுக் கண்காணிப்புப் பட்டியலை ஒட்டினார்கள். அதே நாள், அதே காலை, என் பெயர். மாற்றிக் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எது நல்ல கருவி என்று இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, யார் கைக்கு என்று கேட்கவே இல்லை. மறுநாளே மஞ்சளைத் தூக்கிக்கொண்டு திருச்சி பஸ் ஏறினேன். கடைக்காரர் பச்சை விற்காமல் இருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். விற்கவில்லை.

பச்சையைக் கையில் கொடுத்தபோது, “நான் அப்பவே நெனச்சேன்” என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெட்டிக்கடையில் நாலு பேட்டரி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மூன்று நாள், வேலைக்குப் போகுமுன் விடிந்ததும் காட்டுக்குள் போய் வாரியை முதலிலிருந்து நடந்து குறித்தாள். இருபத்தாறு புள்ளிகள். பொத்தானை அழுத்திப் பெயர் வைக்க நேரமில்லாததால் எல்லாம் வெறும் எண்கள்தான். ஆனால் நாலாம் எண் கல்பாலம், பதினொன்று இரட்டை நொச்சி, பத்தொன்பது சரிந்த கரை என்று ஒவ்வொன்றையும் வாயால் ஒப்பித்தாள். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அவளைப் பார்த்து அசந்துபோன மாதிரி ஒருவரையும் பார்த்து அசந்ததில்லை.

தேர்வு அன்று போனை அணைத்து அலுவலகத்தில் வைத்துவிட்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் எழுதினார்கள். என் மனசு முழுக்கக் காட்டுக்குள் இருந்தது. துணி மாதிரி இதுவும் ஏமாற்றினால் கண்மாய் போச்சு.

மணியடித்து, விடைத்தாள்களை ஒப்படைத்து வெளியே வந்தேன். வாசல் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். காலெல்லாம் செம்மண். அரிமளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, உள்ளே விடாததால் அங்கேயே காத்திருக்கிறாள்.

“என்ன ஆச்சு?” என்று ஓடினேன்.

“இருபத்தாறும் அவரு கருவியோட ஒத்துப்போச்சு மதினி. வாரியை விட்டுட்டுத்தான் கன்னு நடணும்னு எழுதிட்டாரு. இதை யாரு குறிச்சதுன்னு கேட்டாரு. நான்தான்னேன். கையெழுத்துப் போடச் சொன்னாரு.”

“ரேகையா?”

“அட நீங்க வேற. முழுப் பேரையும் எழுதினேன்.”

அழுதுவிட்டேன். தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் வேடிக்கை பார்த்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவள் பச்சைக் கருவியை என்னிடம் நீட்டினாள். திரையைப் பார்த்தேன். கடைசிப் புள்ளி இருபத்தேழு என்று இருந்தது.

“இருபத்தாறுன்னுதானே சொன்னே? இது எங்க இருக்கு?”

“இங்கதான். இந்த வேப்பமரம்” என்றாள். “வீட்டுக்குக் கூடச் சொல்லல மதினி. ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லணும்னு வந்தேன். அதையும் குறிச்சு வச்சிருக்கேன்.”