தலைமை ஆசிரியர் பெயரில் நூற்று நாற்பத்து மூன்று மணி நேரம்

பயிற்சி மையத்தின் கடைசி அறையில் நான் புரொஜக்டர்களைத் துணி உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். பள்ளி விட்டதும் நேராக வந்திருந்தார். வலது கை விரல்களில் சாக்பீஸ் தூள் இன்னும் போகவில்லை.

“மேடம், ஒரு நிமிஷம் இருக்கா?”

“உக்காருங்க டீச்சர்.”

“உக்கார நேரமில்ல, பஸ் போயிடும்” என்றபடியே உட்கார்ந்தார். “லிஸ்ட் வந்திருக்காமே. எங்க ஸ்கூல்ல எச்.எம். தவிர யாருக்கும் சர்டிபிகேட் இல்லைன்னு பேசிக்கிறாங்க. என் பேருக்கு நேரா என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன்.”

திரையை அவர் பக்கம் திருப்பினேன். பள்ளியின் பெயருக்குக் கீழே ஆறு பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர்கள் கணினியில் பயிற்சி செய்த மணி நேரம்.

“பூஜ்யமா?”

“ஆமா டீச்சர்.”

“நாப்பதுக்குக் குறைஞ்சா பூஜ்யம்னு போடுவாங்களா, இல்ல சுத்தமாவே பூஜ்யமா?”

“சுத்தமாவே பூஜ்யம்.”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார். “எச்.எம்.முக்கு நூத்தி நாப்பத்து மூணு போட்டிருக்கு! அவரு மவுஸைத் தொட்டு நான் பாத்ததே இல்லையே. பேப்பர் பறக்காம இருக்க அதைத்தானே எடுத்து வெப்பாரு.” சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் நிறுத்திக்கொண்டார். “அதெல்லாம் நான் உக்காந்ததுதானே?”

“பெரும்பாலும் நீங்க உக்காந்ததுதான்.”

“மாத்த முடியுமா?”

“அது மெஷின் தானா பதியறது டீச்சர். நாங்க கை வைக்க முடியாது.”

“மேல?”

“கேட்டுப் பாக்கறேன்.”

“எப்போ கேப்பீங்க? அடுத்த மாசம் பதினேழாம் தேதி எனக்கு அம்பது முடியுது. அதுக்கப்புறம் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “பஸ் போயிருச்சு. சரி, இன்னொண்ணு வரும். அந்த உறையை அப்படி இழுக்காதீங்க, ஒயர் மடங்கும்.” எழுந்து, தானே சரியாக மாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது.

அவர் அறிவியல் ஆசிரியை. அந்தப் பள்ளியில் பதினோரு வருடங்களாகத் தற்காலிகப் பணியில் இருந்தார். அதற்கு முன்பு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் இருந்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒவ்வொரு கல்வியாண்டின் கடைசி நாளிலும் அவருடைய வேலை முடிந்துவிடும். அடுத்த ஆண்டின் முதல் வாரத்தில் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் மறுபடி தொடங்கும். அப்படி வந்த பதினோரு உத்தரவுகளையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒரு முறை மணிக்கட்டு பிசகியபோதும் விடுப்பு எடுக்காமல், இடது கையால் கரும்பலகையில் எழுதியிருக்கிறார்.

ஆசிரியர் அறையில் அவருக்கு நாற்காலி இல்லை. அன்று யார் வரவில்லையோ அவருடைய நாற்காலியில் உட்காருவார். பள்ளியில் நிரந்தர அறிவியல் ஆசிரியை ஒருவர் இருந்ததால், இவரை அடையாளம் சொல்ல எல்லோரும் ‘டெம்பரரி’ என்றே சொல்வார்கள். பிள்ளைகளுக்கு ‘டெம்பு மிஸ்’.

“என்ன டெம்பரரி, இன்னிக்கு சேர் கிடைச்சுதா?” என்று கணக்கு ஆசிரியர் கேட்பார்.

“எங்க சார் கிடைக்குது? எல்லாரும் கல்லுக்குண்டாட்டம் வந்து நிக்கறீங்க. வீட்டுல ஒருத்தருக்குக்கூட ஒரு தலைவலி வரக்கூடாதா?” என்பார் இவர்.

பத்து வருடம் முடித்த தற்காலிக ஆசிரியரை நிரந்தரமாக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. இரண்டு நிபந்தனைகள்: ஐம்பது வயது முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும், வகுப்பில் கணினியைப் பயன்படுத்திக் கற்பிக்க நாற்பது மணி நேரம் பயிற்சி செய்த சான்றிதழ் வேண்டும். மற்ற ஆசிரியர்களுக்கு அந்தச் சான்றிதழ் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அவர்கள் நிரந்தரமானவர்கள். இவருக்கு மட்டும் அப்படி இல்லை.

பயிற்சியைக் கொடுத்தது நான். முதல் இரண்டு நாள் மையத்தில். அதன் பிறகு மூன்று மாதம் அவரவர் பள்ளியிலேயே பழக வேண்டும். புதன்கிழமைதோறும் நான் போய்ப் பார்ப்பேன். அந்தப் பள்ளியில் வேலை செய்த ஒரே கணினி தலைமை ஆசிரியரின் அறையில் இருந்தது. முதல் நாள் அவர் தன் பெயரில் உள்ளே நுழைந்து திறந்து வைத்தார். கடவுச்சொல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது. பழைய இயந்திரம். ஒருவர் வெளியேறி இன்னொருவர் தன் பெயரில் நுழைய பத்து நிமிடம் பிடித்தது.

கணக்கு ஆசிரியர்தான் கேட்டார். “மேடம், ஒவ்வொருத்தரா வெளிய போயி உள்ள வர்றதுக்குள்ள பெல் அடிச்சிரும். சாரோட பேர்லயே இருக்கட்டுமே?”

“இருக்கட்டும், பரவாயில்ல” என்றேன்.

பயிற்சி நேரம் ஒவ்வொருவரின் சொந்தப் பெயரிலும் பதிவாக வேண்டும் என்பது சுற்றறிக்கையின் பதினோராம் பக்கத்தில் இருந்தது. பதினெட்டுப் பக்கமும் ஆங்கிலத்தில். அதைத் தமிழில் எழுதி ஆசிரியர்களுக்குக் கொடுப்பது என் வேலை. முதல் நான்கு பக்கங்களை எழுதினேன். மீதி அலுவலக விவரம் என்று விட்டுவிட்டேன். பதினோராம் பக்கத்தை நான் படிக்காமலில்லை.

மூன்றாம் வாரத்திலிருந்து மற்றவர்கள் என் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மட்டும் வந்தார்கள். இவர் தினமும் பள்ளி தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுவார். பெருக்குகிற அம்மா கதவைத் திறந்துவிடுவார். சாயங்காலமும் இருப்பார், தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போகிற நாட்களில் மதியமும்.

இதயத்துக்குள் ரத்தம் எப்படிப் போய் வருகிறது என்பதுதான் அவர் செய்த பாடம். மவுஸால் இதயத்தை வரைந்தார். முதலில் வந்தது உருளைக்கிழங்கு. நான்காம் நாள் இதயம் போல இருந்தது. ஒரு சிவப்புப் புள்ளியை உள்ளே வைத்தார். அந்தப் பக்கத்தை அப்படியே நகலெடுத்து, புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி நகல், மறுபடி கொஞ்சம். ஐம்பத்தெட்டுப் பக்கங்கள். புள்ளியைத் தானாக ஓடவிடும் வசதி இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் காட்டினேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

“இது விறுவிறுன்னு ஓடிடுது மேடம். என்னோடதுல நடுவுல நிறுத்தி, ‘இப்போ எந்தப் பக்கம் போகும்’னு கேக்கலாம்.”

அந்த வகுப்புக்கு மையத்தின் மடிக்கணினியையும் புரொஜக்டரையும் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்துவிட்டு, நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பிள்ளைகள் கத்தினார்கள். “கீழ மிஸ்! கீழ!” “போடா, வால்வு மூடியிருக்கு!” நாற்பது நிமிடத்தில் புள்ளி ஒரு சுற்று வந்தது. நான் மற்ற பள்ளிகளில் பார்த்த எந்த வகுப்பும் அப்படி இல்லை.

பட்டியல் வெளியான மறுநாள் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

“நான் போயிக் கேட்டு வாங்கல மேடம். மெஷின் சொல்லுது, மேல இருக்கறவங்க குடுக்கறாங்க. வேண்டாம்னா மரியாதையா இருக்குமா?” அவருக்குச் சிறந்த தலைமை ஆசிரியர் கேடயம் அறிவித்திருந்தார்கள். “விழாவுல நான் பேசணுமாம். அதுக்கு ஸ்லைடு டெம்பரரிதான் போட்டுத் தர்றாங்க. நல்லா பண்றாங்க. அடுத்த வருஷமும் அவங்களுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன், கவலைப்படாதீங்க.”

அந்தப் பன்னிரண்டு ஸ்லைடுகளையும் ஆசிரியை அதே கணினியில்தான் செய்தார். தலைமை ஆசிரியரின் பெயரில் மணிக் கணக்கு நூற்று நாற்பத்தாறாக ஏறியது.

எங்கள் அதிகாரி நான் சொன்னதை முழுவதும் கேட்டார். “அவங்கதான் உக்காந்தாங்கன்னு எதுல இருக்கு? எழுதிக் குடும்மா. விசாரணைக்கு அனுப்பறேன். எச்.எம்.மையும் கூப்பிட்டுத்தான் கேப்பாங்க.”

எழுதினேன். தவறு என்னுடையது, தலைமை ஆசிரியரின் பெயரில் பதிவாகியிருக்கும் நேரம் உண்மையில் இந்த ஆசிரியை உழைத்த நேரம் என்று ஒரு பக்கத்தில். கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, பதினேழாம் தேதிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது கொடுத்தேன். எனக்குத் தண்டனை ஏதாவது வரும் என்று நினைத்தேன். நினைத்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், காலையில் பஸ் பிடித்தேன்.

புதன்கிழமை பள்ளிக்குப் போனபோது அவரிடம் சொன்னேன். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் நின்றோம். விடைத்தாள் கட்டு ஒன்றை மார்போடு பிடித்திருந்தார். விசாரணை எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். இரண்டு மாதமாவது ஆகும் என்றேன். தலைமை ஆசிரியரைக் கேட்பார்களா என்றார். கேட்பார்கள் என்றேன். தேதிக்கு முன்பே கொடுத்த கடிதம் என்பதால் வயது வரம்பைத் தளர்த்துவார்களா என்றார். அதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். படவில்லை. மாடியிலிருந்து ஒரு வகுப்பு முழுவதும் இறங்கி வந்தது. அது கடந்து போகும்வரை இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம்.

“அம்பது ஆயிட்டா பர்மனென்ட் போச்சு, அது போனது போனதுதான்” என்றார். “டெம்பரரிக்கு வயசு பாக்க மாட்டாங்க. ஆனா அதுக்கு அவரு கையெழுத்து வேணும். கேடயம் வாங்கப்போற மனுஷனை விசாரணைக்குக் கூப்பிட்டு, ‘இதெல்லாம் நீங்க பண்ணலியாமே’ன்னு கேட்டா, அப்புறம் பேனா எடுப்பாரா? பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி இருக்கு.” விடைத்தாள் கட்டை மறு கைக்கு மாற்றினார். “நீங்க எனக்காகத்தான் எழுதினீங்க, தெரியும். அந்த லெட்டரைத் திருப்பி வாங்கிடுங்கம்மா. இன்னிக்கே போயி வாங்கிடுங்க.”