பவளக்கல் பரப்பிய கோழிக்கூடு

மகள் திக்லிபூரிலிருந்து பிரசவத்துக்கு வருவதாக இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்கவென்று எட்டு நாட்டுக்கோழி வளர்த்தேன். எங்கள் தீவில், இந்த வண்டூரில், மழை பிடித்தால் விடாது. கூட்டுத் தரை சேறாகிவிடும். கோழி ஈரத்தில் நிற்கிறதே என்று, கடல் ஒதுக்கிய வெள்ளைப் பவளக்கல்லைச் சாக்கில் பொறுக்கிவந்து பரப்பினேன். அதை எடுக்கக் கூடாது, காட்டிலாகா பிடிக்கும். தெரிந்துதான் செய்தேன்.

பத்துப் பதினைந்து நாளில் ஒரு பெட்டை நொண்டியது. பிறகு இன்னொன்று. கால் மூட்டு எலுமிச்சங்காய் போல வீங்கி, தொட்டால் சுட்டது. தீனி போட்டாலும் எழுந்து வரவில்லை.

இரண்டையும் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் இங்கேயே பிறந்த பெங்காலிப் பிள்ளை, தமிழும் கொஞ்சம் வரும், என்னைச் சித்தி முறையில் மௌசி என்பார். கோழியின் உள்ளங்காலைத் திருப்பினார்.

"மௌசி, இதர் தேக்கோ, இங்க பாருங்க. இந்தக் காயத்துல கிருமி போயிருக்கு. அதான் மூட்டுல சீழ். கூட்டுல கம்பி, கண்ணாடி ஏதாவது கிடக்கா?"

"குச் நஹி சார், ஒண்ணுமில்ல" என்றேன். கல்லைப் பற்றிச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. பேசிப் பழகாத வாய், பயமும் சேர்ந்துகொண்டது.

தண்ணீரில் கலக்க ஐந்து நாள் மருந்து கொடுத்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. அதே தரையில்தான் விட்டேன். மறுவாரம் ஐந்து கோழி நொண்டின.

மறுபடி போய், தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் என்ன போலீஸா மௌசி? கோழி டாக்டர். அந்தக் கல்லோட கூர்தான் காலைக் கிழிச்சிருக்கு. பஹலே போல்னா தா, முதல்லயே சொல்லியிருந்தா பொழச்சிருக்கும். சீழ் வச்சதைச் சாப்பிடாதீங்க. மருந்து குடிச்சதையும் இப்ப அறுக்காதீங்க."

ஐந்தும் ஒவ்வொன்றாகச் செத்தன. மழையிலேயே குழி தோண்டினேன். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. அப்புறம் கூட்டுக்குள் குந்தி, சேற்றில் புதைந்த கல்லைப் பொறுக்கினேன். இரண்டு நாளாகியும் தீரவில்லை. இடுப்பு விட்டுப்போனது.

மகள் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"டாக்டர்கிட்டயே வாயத் தொறக்கல. எனக்கு வலி வந்தா நர்ஸை நீ கூப்பிடுவியா?"

"கூப்பிடுவேன்டி."

"அத்தையையும் கூட்டிட்டு வரேம்மா. அவங்க பேசுவாங்க."

சரி என்றேன். சம்பந்தியம்மாள் படுக்க ஒரு பாய் வேண்டும், அதைத் தேடப் போனேன்.