நான் கேக்காம விட்ட கேள்வி

தினம் காலைல போன் போட்டு, "நேத்து செய்றேன்னீங்களே, செஞ்சீங்களா?"ன்னு கேக்கறதுதான் என் வேலை. சிரிக்காதீங்க. யாராச்சும் கேட்டாத்தான் நமக்கு வேலை ஓடும்னு படிச்சவங்களே எங்கிட்ட பேர் குடுத்து வெச்சிருக்காங்க. திண்டிவனத்துல வீட்ல உக்காந்துக்கினே பதினோரு பேரைக் கேக்கறேன். அடுத்தவங்கள வேலை வாங்கிப் பாத்தவங்களுக்கு என் பாடு புரியும். ஆனா ஒரு பொண்ணோட டாக்டர் பட்டம் என் வாயால போச்சி. அதச் சொல்லத்தான் வந்தேன், அதுக்குள்ள வக்கீல் ஞாபகம் வந்துடுச்சி.

டீ கறை

விழுப்புரம் வக்கீல் ஒருத்தரு. மனு எழுதினா போட்டோ அனுப்பணும்னு பேச்சு. அனுப்பினாரு. கண்ணு ஆபரேசனுக்கு அப்புறம் எனக்கு எறும்பு கால் கூட தெரியுது, செஞ்ச டாக்டரம்மா தங்கமான பொண்ணு... அத விடுங்க. போன வாரப் போட்டோல இருந்த அதே டீ கறை, அதே மூலைல. "சார், இது பழசாச்சே?"ன்னேன்.

"ஏம்மா, எங்க ஜட்ஜய்யா கூட இவ்ளோ உத்துப் பாக்க மாட்டாருங்க!"

இன்ஜினியர் வீட்டம்மா

வீட்டு பிளான் போடறவரு. போனை எடுத்தது அவரு சம்சாரம். அவரு பாத்ரூம்ல கீறாராம். எப்பம்மா போனாருன்னேன்.

"உங்க நம்பர் வந்துதுங்களே, அப்பத்தான்!"

நஸ்ரீன்

கோட்டக்குப்பத்துப் பொண்ணு, காலேஜ்ல பாடம் எடுக்குது. வீட்டுக்காரரு துபாய்ல. டாக்டர் பட்டத்துக்கு எழுதற ஆராய்ச்சிக் கட்டுரைல கடைசி அத்தியாயம்தான் பாக்கி. ஏற்கெனவே ரெண்டு வாட்டி தவணை வாங்கியாச்சி, இனிமே கெடையாது. தெனம் ரெண்டு பக்கம் எழுதினியான்னு நான் கேக்கணும், அவ்ளோதான்.

முடிக்க மூணே நாள் பாக்கி இருக்கறப்ப, தலைவலின்னு சோர்ந்து பேசுச்சி. எனக்கு மனசு கேக்கல. பெருமுக்கல் மலை ஏறப் போயி எங்கக்கா பாதிலயே உக்காந்துக்கினு அவிச்ச மல்லாட்டைக் கடலை மொத்தத்தையும் காலி பண்ண கதையச் சொன்னேன். சிரிச்சுது. எனக்கும் குஷி. மறுநாள் என் மருமவ கேப்பைக் களி கிண்டின கூத்து. அதுக்கு மறுநாளும் எதையோ பேசிக்கினு இருந்தேன். மூணு நாளும், "எழுதினியா?"ன்னு கேக்காமயே வெச்சிட்டேன். மூணு நாளும் அது ஒரு பக்கம் கூட எழுதல. தேதி போயிடுச்சி. பதிவையும் ரத்து பண்ணிட்டாங்க.

மன்னிச்சிடும்மான்னேன். கோவிச்சிக்கினு திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

"உங்ககிட்ட பொய் சொல்ல வராதுன்னுதான் பாட்டிம்மா உங்களை வெச்சேன். மூணு நாளும், இப்பக் கேப்பீங்க, இப்பக் கேப்பீங்கன்னு பயந்துக்கினே இருந்தேன். நீங்க கேக்கவே இல்லியே."

பதினோரு பேரை தெனம் "செஞ்சியா"ன்னு கேட்டவள, "நீ கேட்டியா"ன்னு கேக்க ஒரு ஆள் போட யாருக்கும் தோணாமப் போச்சி, பாருங்க.