நூற்று நாற்பது சென்டிமீட்டர்

ஸ்வீட்லினுக்கு முப்பத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், பதினைந்து வருடமாகத் தரச் சோதனைப் பிரிவில் வேலை. மிஷினிலிருந்து இறங்கும் ஒவ்வொரு உருப்படியையும் அளந்து பார்க்க வேண்டும். சொன்ன அளவுக்கு ஒரு மயிரிழை குறைந்தாலும் அதைச் சிவப்பு டிரேயில் போட்டுவிடுவாள். சூப்பர்வைசர் வந்து, "இந்த ஒரு லாட்டை மட்டும் வுட்டுடும்மா" என்று கெஞ்சினாலும் டிரேயில் விழுந்தது விழுந்ததுதான்.

அவளுடைய சொந்த உயரம் நூற்று முப்பத்தொன்பதரை சென்டிமீட்டர்.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஸ்வீட்லினுக்கோ ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். பெரிய கோஸ்டர்களில் ஏற நூற்று நாற்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது எழுதி வைத்த சட்டம்.

பித்து பிடித்தது எட்டு வயதில். தீவுத்திடல் பொருட்காட்சியில் கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு குட்டி ரயில், மேடு பள்ளமாக மூன்று சுற்று சுற்றும். முதல் பள்ளத்தில் அடிவயிறு தனியாகக் கழன்று மேலே வந்தது. இறங்கியதும் அழுவாள் என்று அம்மா கையை நீட்டினாள். ஸ்வீட்லின் வரிசையின் கடைசிக்கு ஓடிவிட்டாள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளியிலிருந்து ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேதான் அளவுப் பலகையை முதன்முதலில் பார்த்தாள். தோழிகள் எல்லாரும் உள்ளே போனார்கள். இவள் வெளியே உட்கார்ந்து முப்பத்திரண்டு பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு அங்குலம்கூட வளரவில்லை.

ஏற முடியாவிட்டால் என்ன, படிக்கலாமே. எந்த நாட்டில் எந்தக் கோஸ்டர், எத்தனை அடி இறக்கம், தண்டவாளம் மரமா இரும்பா, சக்கரம் எந்த வெயிலில் எப்படி ஓடும் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கல்யாணமான புதிதில் கணவன் பிரகாசம், "இன்னாம்மா, ராத்திரி பகலா ரயிலு வீடியோ பாத்துகினு கீற?" என்று கேட்டான். அவனுக்கு ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். ஸ்கூல் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவன். ஆனால் மனைவி ஆசைப்பட்டால் எந்தப் பார்க்குக்கும் வேனை எடுத்துவிடுவான்.

கொரட்டூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சிதறிக் கிடக்கும் இப்படிப்பட்ட பைத்தியங்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். பெயர் 'அடிவயிறு'. கோஸ்டர் மேட்டைத் தாண்டும்போது சீட்டிலிருந்து உடம்பு எழும்பி ஒரு நொடி மிதக்குமே, அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அந்தரம்'. எந்தக் கோஸ்டரில் அந்தரம் அதிகம், எதில் முதுகு உடையும், எந்தப் பார்க்கில் சாம்பார் சாதம் வாயில் வைக்க முடியாது என்று தினமும் சண்டை நடக்கும். எல்லாருக்கும் சந்தேகம் தீர்ப்பது ஸ்வீட்லின்தான். ஆவடியில் ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆன ஜானகிராமன் அவளை 'டீச்சரம்மா' என்றே கூப்பிடுவார். அவருக்கு அறுபத்தொரு வயது, ரத்தக் கொதிப்பு கிடையாது, அதில் அவருக்குப் பெரிய பெருமை.

போன டிசம்பரில் குழுவினர் பன்னிரண்டு பேர் பெங்களூர் ரோட்டில் இருக்கும் ஒரு பார்க்குக்குப் போனார்கள். அங்கே 'சூறாவளி' என்று புதிதாக ஒரு கோஸ்டர் வந்திருந்தது. வண்டியில் பத்து வரிசை சீட்டு, நூற்றிருபது அடி இறக்கம். ஸ்வீட்லினும் வரிசையில் நின்றாள். இத்தனை வருடத்தில் எங்கேயாவது அரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்க மாட்டோமா என்ற நப்பாசை.

ஆபரேட்டர் பச்சையப்பன் வாட்டசாட்டமான ஆள். அவளைப் பலகையில் நிறுத்தி, தலைமேல் கட்டையை இறக்கிப் பார்த்தார்.

"மேடம், அரை சென்டி கம்மி. சாரி."

பின்னால் நின்ற குழு நண்பன் விஷாலுக்குக் கோபம் வந்துவிட்டது. தேனிக்காரன். வேலப்பன்சாவடிப் பக்கம் ஃப்ளாட் எடுத்து ஐ.டி.யில் வேலை பார்க்கிறான். துபாய், சிங்கப்பூர் எல்லாம் போய் ஏறிவிட்டு வந்தவன். "அரை சென்டில என்ன சார் ஆயிடப் போகுது? அவங்க என்ன குழந்தையா?" என்று சத்தம் போட்டான்.

"அவரு சொல்றது கரெக்டு விஷால்," என்றாள் ஸ்வீட்லின். "தோள்பட்டை கம்பி சரியா உக்காரணும்னுதான் அந்த அளவு. அந்த எடத்துல நான் நின்னாலும் வுட்டிருக்க மாட்டேன்."

வெளியே வந்து எல்லாருடைய பைகளையும் வாங்கிக்கொண்டாள். மூன்று மணி நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு சூறாவளி ஓடுவதைப் பார்த்தாள்.

அன்று மாலை குழுவில் வழக்கமான சண்டை. முன் சீட்டா, பின் சீட்டா? விஷால் முன் சீட்டுக் கட்சி. எதிரே ஒன்றும் மறைக்காது, காற்று முகத்தில் அறையும் என்றான். ஸ்வீட்லின், "சூறாவளிக்குக் கடைசி வரிசைதான். முன்னாடி வண்டி பள்ளத்துல பாதி எறங்கிடும், பின்னாடி இன்னும் மேட்டு மேல இருக்கும். அதைப் பிடிச்சு இழுக்கற இழுப்புல அந்தரம் அங்கதான் அதிகம். மூணாவது மேட்டுல பாருங்க" என்று எழுதினாள்.

விஷால் யோசிக்காமல் தட்டிவிட்டான். "ஏறிப் பாத்தவங்க பேசுற விஷயம்க்கா இது. வேலிக்கு வெளிய நின்னா தெரியாது."

ஜானகிராமன் அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். அவனும் மறுநாள் மன்னிப்புக் கேட்டான். ஸ்வீட்லின், "பரவால்லப்பா" என்று பதில் போட்டாள். ஆனால் அதன்பிறகு இரண்டு மாதம் குழுவில் அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஜனவரியில் கம்பெனியில் மருத்துவ முகாம். முதல் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே, காலை ஆறு மணிக்கு, நர்ஸ் சாவித்திரி வரிசையாக எடையும் உயரமும் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்வீட்லினை நிறுத்தி, அட்டையில் 'நூற்று நாற்பது' என்று எழுதினார்.

"சிஸ்டர், தப்பா எழுதறீங்க. நான் நூத்தி முப்பத்தொம்பதரை."

"ஸ்கேல்ல அப்படித்தாம்மா காட்டுது."

"அப்போ ஸ்கேல் தப்பு," என்று சொல்லிவிட்டு, தன் மேசையிலிருந்து எஃகு டேப்பை எடுத்து வந்து ஸ்கேலையே அளந்தாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஸ்கேலில் தப்பில்லை.

ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு மறுபடியும் போய் நின்றாள். அதே ஸ்கேல், அதே நர்ஸ். நூற்று முப்பத்தொன்பது புள்ளி நான்கு.

சாவித்திரி சிரித்துவிட்டார். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பு நடுவுல இருக்கற ஜவ்வு உப்பும். பகல்ல நின்னு நின்னு அமுங்கிடும். காலைல எல்லாருமே ஒரு சென்டி ஒசரம்தான்."

ஸ்வீட்லின் அன்றைக்கு பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

அடுத்த முப்பது நாள், வீட்டுச் சுவரில் டேப்பை ஒட்டிவைத்து, பிரகாசத்தின் கையில் மூலைமட்டத்தைக் கொடுத்து, தினம் நான்கு வேளை அளக்கச் சொன்னாள். எழுந்தவுடன் நூற்று நாற்பது புள்ளி ஆறு. அதே நிமிடத்தில் இன்னொரு முறை அளந்தாலும் அதுவே. எழுந்து நடமாட ஆரம்பித்த ஒரு மணி நேரத்திலேயே பாதி போய்விடும். மதியத்துக்குள் மிச்சமும் போய்விடும். நடுவில் இரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தால் பெரும்பகுதி திரும்பி வரும்.

"அப்போ காலைலயே போயி ஏறிட வேண்டியதுதானே?" என்றான் பிரகாசம்.

"சூறாவளி பதினோரு மணிக்குத்தாங்க ஓட்ட ஆரம்பிப்பாங்க. அதுக்குள்ள நான் அமுங்கிப் போயிடுவேன்."

பிரகாசம் மூலைமட்டத்தைக் கையில் திருப்பிக்கொண்டே யோசித்தான். "அமுங்காம படுக்க வெச்சே கூட்டிகினு போறேன். வேன் சீட்டைக் கழட்டினா ஆச்சு."

பிரகாசம் ஜானகிராமனிடம் சொல்ல, விஷயம் குழுவுக்குப் போனது. விஷால்தான் முதலில் பதில் போட்டான். "அக்கா, உள்ளங்கால்ல நாலு சாக்ஸ் போட்டா முடிஞ்சுதே!" ஸ்வீட்லின் இரண்டு மாத மௌனத்தைக் கலைத்து எழுதினாள்: "அளவை ஏமாத்தி ஏற மாட்டேன். வெறுங்கால், அவிழ்த்த முடி. இருந்தா ஏறுவேன். இல்லேன்னா வேலி." பிப்ரவரி கடைசி சனிக்கிழமை என்று முடிவானது.

அன்று காலை ஆறரைக்கு பிரகாசம் வேனுக்குள் மெத்தை விரித்தான். ஸ்வீட்லின் கட்டிலிலிருந்து இறங்கி, பல் தேய்த்து, இரண்டு இட்லியை முழுங்கி, பதினைந்தே நிமிடத்தில் மறுபடியும் படுத்தாள். ஜானகிராமனும் விஷாலும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். மற்றவர்கள் பின்னால் இரண்டு காரில் வந்தார்கள்.

பூந்தமல்லி தாண்டி ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யார்யா அது, பேஷன்ட்டா? எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல சார். ரோலர் கோஸ்டர் ஏறப் போறாங்க," என்றார் ஜானகிராமன்.

"ஏன் படுத்துனுகீறாங்க?"

"ஒசரம் கொறையக் கூடாது சார்."

காவலர் ஸ்வீட்லினைப் பார்த்தார். அவள் படுத்தபடியே வணக்கம் வைத்தாள். முழுக் கதையையும் விஷால் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சீக்கிரம் போங்கய்யா, அப்புறம் கொறஞ்சிடப் போகுது" என்று பின்னால் வந்த லாரியை நிறுத்தி வழி விட்டார்.

பத்து மணிக்குக் கேட் திறந்தது. உள்ளே நடக்க வேண்டிய தூரம் நானூறு மீட்டர். ஸ்வீட்லின் நிமிடங்களை எண்ணியபடி நடந்தாள். சூறாவளிக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் ஒரு புல்வெளி. அங்கே போர்வையை விரித்துப் படுத்தாள். போகிற வருகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மற்றவர்கள் வரிசையில் போய் நின்றார்கள். இடையில் மோட்டாரில் ஏதோ கோளாறு, அரை மணி தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிரகாசத்துக்கு வேர்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு, கையைக்கூட அசைக்காமல் கிடந்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு விஷால் ஓடி வந்தான். "அக்கா, வாங்க! நம்ம முறை வந்துடுச்சு!"

எழுந்தாள். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஜானகிராமன் ஏற்கெனவே கதையைச் சொல்லி வைத்திருந்தார். ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதே பச்சையப்பன். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். முகத்தில் ஒரு சங்கடம். ஸ்வீட்லின் செருப்பைக் கழற்றினாள். ரப்பர் பேண்டை உருவி முடியை விரித்துவிட்டாள். பலகையில் குதிகாலை ஒட்டி நின்றாள்.

பச்சையப்பன் கட்டையை இறக்கினார். கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நூத்தி நாப்பது..." என்று இழுத்தார். "கோட்டுக்கு மேலதான் கீது."

"முடியை நல்லா அழுத்திப் பாருங்க சார்," என்றாள் ஸ்வீட்லின்.

பின்னாலிருந்து விஷால், "அக்கா, சும்மா இருங்கக்கா!" என்று அலறினான்.

பச்சையப்பன் கட்டையை உயர்த்தி, முடியைப் படிய வைத்து, மறுபடியும் அழுத்தினார். குனிந்து, நிமிர்ந்து, இன்னொரு முறை குனிந்தார். பிறகு முகம் முழுக்கச் சிரித்தார். "நூத்தி நாப்பது புள்ளி ரெண்டு. போங்க மேடம்!"

வரிசை முழுவதும் விசில் அடித்தது. முன்பின் தெரியாத காலேஜ் பெண்கள் குதித்தார்கள். பச்சையப்பன் அவள் மணிக்கட்டில் நீல மையில் ஒரு முத்திரை குத்தினார். "இது இன்னிக்கு பூரா செல்லும். திரும்ப அளக்க மாட்டோம்."

ஸ்வீட்லின் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் விஷால் வந்து உட்கார்ந்தான். தோள் கம்பி இறங்கி, அவள் தோளில் சரியாகப் பொருந்தியது. இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். வண்டி கடகடவென்று மேலே ஏறியது. உச்சியில் முன் வரிசைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரு கணம் எதுவுமே நடக்கவில்லை. அடுத்த கணம் யாரோ அவளைப் பூமியிலிருந்து பிடுங்கி எறிந்தார்கள்.

எட்டு வயதில் கழன்ற அடிவயிறு முப்பது வருடம் கழித்து இன்னும் பெரிதாகக் கழன்றது. அவள் கத்தினாள். பயத்தில் அல்ல. முதல் மேடு, இரண்டாவது மேடு. "மூணாவது, பாரு!" என்று விஷாலின் தோளில் அடித்தாள். மூன்றாவது மேட்டில் இருவரும் சீட்டை விட்டு எழும்பி, கம்பியில் இடித்து, காற்றில் தொங்கினார்கள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கணக்குப் போட்டு வைத்திருந்ததைவிட அதிகமாக இருந்தது.

வண்டி நின்றதும் இறங்கினாள். வேலிக்கு வெளியே பன்னிரண்டு பைகளைத் தோளிலும் கழுத்திலும் மாட்டிக்கொண்டு நின்ற பிரகாசம், "எப்டி கீது?" என்று கத்தினான். ஸ்வீட்லின் பதில் சொல்லாமல் வரிசையின் கடைசிக்கு ஓடினாள்.

அன்று பதினாறு முறை ஏறினாள். பத்து வரிசையிலும் ஒரு முறையாவது உட்கார்ந்தாள். மாலையில் சக்கரம் நன்றாகச் சூடேறி, வண்டி காலையைவிட வேகமாக ஓடியபோது மட்டும் தொடர்ந்து நான்கு முறை. அப்போது அவள் உயரம் நிச்சயமாக நூற்று முப்பத்தொன்பதுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். மணிக்கட்டில் இருந்த நீல முத்திரையைப் பச்சையப்பன் ஒவ்வொரு முறையும் பார்த்து சல்யூட் அடித்தார்.

பார்க் மூடும் நேரத்துக்கு எல்லாரும் வேனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். டீயும் மசால் வடையும் கை மாறிக்கொண்டிருந்தன.

"டீச்சரம்மா, தீர்ப்பைச் சொல்லு. முன் சீட்டா, பின் சீட்டா?" என்றார் ஜானகிராமன்.

ஸ்வீட்லின் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பதினாறு முறை கத்தியதில் தொண்டை அடியோடு கட்டிப்போயிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றாள். காற்றுதான் வந்தது.

விஷால் தன் போனை எடுத்து, குழுவைத் திறந்து, அவளிடம் நீட்டினான். "எழுதுங்கக்கா. என் பேர்லயே போகட்டும்."

அவள் நிதானமாகத் தட்டினாள்: "கடைசி வரிசை. மூணாவது மேடு. ஏறிப் பாத்தேன்."

விஷால் அதை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்து, தன் கையாலேயே அனுப்பினான். ஜானகிராமன் வேனின் கதவைத் தட்டித் தாளம் போட்டார். ஸ்வீட்லின் சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.