ரபீகா ராத்தாவின் முறைக் கொப்பி

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் அலுவலகத்தில் ஆட்கள் அதிகம். கண்டியில் நீதிமன்றத்துக்குப் பின்பக்கக் குறுகிய ஒழுங்கையில், குடை திருத்துபவரின் கடைக்கு மேலே இரண்டு அறைகள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்கள், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பதிவு தேடுபவர்கள், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அயல்நாட்டுப் பெண்கள் என்று, கையில் சரியான கடுதாசி இல்லாதவர்களுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடுவதுதான் அங்கே வேலை. நான் மொழிபெயர்ப்பாளன். 2024 செப்டம்பரில் நான் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த மாதம் மூன்று செவ்வாய் தொடர்ந்து ஒரு பெண் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். கறுப்பு அபாயா, கையில் பிளாஸ்டிக் பை. எங்கள் பெயர்ப்பலகையைப் பார்ப்பார், படிக்கட்டைப் பார்ப்பார், கால் மணி நேரத்தில் போய்விடுவார். மூன்றாவது முறை நான் இறங்கிப் போனேன்.

“அக்கா, யாரையாவது தேடுறீங்களா?”

“மேலே பொலிஸ் யாரும் இருக்காங்களா தம்பி?”

“இல்ல. ஒரு லோயர் அம்மா இருக்காங்க, ஒரு பழைய பிரிண்டர் இருக்கு, நான் இருக்கேன். அவ்வளவுதான்.”

“நீங்க எந்த ஊரு?”

“வத்தேகமப் பக்கம். தேயிலைத் தோட்டம்.”

“நானும் வத்தேகமதான்” என்றார். பிறகு தானே திருத்திக்கொண்டார். “இருக்கிறது வத்தேகம. பொறந்த ஊரு கீழக்கரை.”

படி ஏறி வந்தவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். எங்கள் சட்டத்தரணி கிருஷாந்தி யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து பன்னிரண்டு வருடம். யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பது அவர் வழக்கம். “ஓம், இருங்கோ. தண்ணி குடியுங்கோ. பெயரைப் பிறகு சொல்லலாம்” என்றார். தண்ணீர்க் கிளாசைப் பிடித்தபடியே அந்தப் பெண், ரபீகா, பேசத் தொடங்கினார். முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

கண்டியில் சிறிய புடவைக்கடை வைத்திருந்த மர்சூக், துணி எடுக்க இந்தியா போய்வரும் காலத்தில் ரபீகாவின் குடும்பத்தோடு பழக்கமாகி, 2006இல் அவரை நிக்காஹ் செய்து அழைத்து வந்தார். மகள் ஷஹ்மா, மகன் பஹீம் இரண்டு பேரும் இங்கே பிறந்தவர்கள், இலங்கைப் பிரஜைகள். ரபீகா மட்டும் இந்தியக் கடவுச்சீட்டோடு, இலங்கையரின் மனைவி என்ற முறையில் வதிவிட விசாவில் இருந்தார். அதைப் புதுப்பிக்கும் வேலை முழுவதும் கணவருடையது. அவர் கொழும்புக்குப் போகும்போது நீல நிறக் கடவுச்சீட்டை அலுமாரியிலிருந்து எடுத்துப் போவார், திரும்பி வந்ததும் அதே இடத்தில் வைப்பார். அதில் திகதி என்று ஒன்று இருப்பதே தனக்கு அவ்வளவாக மனதில் பதியவில்லை என்றார் ரபீகா.

2022 பெப்ரவரி பதினோராம் திகதி கடையில் வைத்தே மாரடைப்பில் மர்சூக் இறந்தார். ரபீகா இத்தா இருந்தார். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு பிறை மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல் இருப்பதுதான் இத்தா. என் தோட்டத்துக்கும் அவருடைய ஒழுங்கைக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர்தான். தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். ஆனால் இத்தா என்ற வார்த்தையின் முழு அர்த்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

இத்தாவின் இருபத்தாறாவது நாளில் விசா காலாவதியானது. வீட்டில் எல்லாரும் நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் எண்ணிய நாட்கள் வேறு. ஜூன் மாதம் இத்தா முடிந்து வெளியே வந்தபோது ரபீகா அனுமதியின்றி நாட்டில் தங்கியிருப்பவர் ஆகிவிட்டார். விசாவுக்குப் பொறுப்பு நிற்க வேண்டிய கணவரும் இல்லை. கடைத்தெருவில் யாரோ, “போனீங்க எண்டா பிடிச்சு அண்டைக்கே பிளேன்ல ஏத்திருவாங்க, புள்ளைகளக் கூட்டிப் போக ஏலாது” என்று சொல்லிவிட்டார்கள். அதை நம்பி, இரண்டு வருடத்துக்கும் மேலாக வங்கி, பாடசாலைக் கூட்டம், கிராம சேவகர் அலுவலகம் எங்கேயும் அவர் போகவில்லை.

அந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. தோட்டத் தமிழர்கள் பல வருடம் நாடற்றவர்களாக இருந்தவர்கள்; என் அப்பா பிரஜாவுரிமைச் சான்றிதழைப் பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறார். கேட்காதவர்களிடமும் எடுத்துக் காட்டுவார்.

“இப்ப ஏன் வந்தீங்கள்?” என்று கிருஷாந்தி கேட்டார்.

போன மாதம் பஹீமுக்குக் குடல்வால் அழற்சி. பேராதனை ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சத்திரசிகிச்சை. அடையாள அட்டை கேட்பார்கள் என்று ரபீகா உள்ளே போகவில்லை. பக்கத்து வீட்டு பஸ்லினாதான் தாய் என்று சொல்லி வார்டில் நின்றார். கண் விழித்தால் பஸ்லினாவை உம்மா என்று கூப்பிட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ரபீகா இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே பஸ் தரிப்பிடத்தில் இருந்தார்.

“மயக்கம் தெளிஞ்சதும் சரியா அப்படியே கூப்பிட்டானாம் தம்பி. ஒரு தடவைகூடத் தவறலையாம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “அதுக்கப்புறம் என்னால முடியல.”

ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் எங்கள் விலாசத்தைப் பார்த்து எழுதி வந்தது மகள் ஷஹ்மா.

அடுத்த செவ்வாய் ரபீகாவோடு மர்சூக்கின் தம்பி நஸீபும் வந்தார். நல்ல மனிதர். அவர் நானா என்று கூப்பிட்ட அண்ணன் போன நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வேண்டியதை அவர்தான் பார்க்கிறார். அவர் ஒரு யோசனையோடு வந்திருந்தார்.

“மதினி, தெரிஞ்ச டொக்டர் ஒருவர் ஈக்கிறார். ரெண்டு வருஷமா நோயா ஈந்த எண்டு கடுதாசி எடுத்துத் தாரேன். வேல முடிஞ்சுது. விசா ஓபிஸ் ஆக்களுக்கு இத்தாவ வெளங்கப்படுத்த ஏலுமா?”

“நான் நோயா இருக்கலையே.”

“கடுதாசிக்குத்தானே மதினி.”

“உங்க நானாவுக்காக உள்ள இருந்தேன். அதை நோய்னு எழுதச் சொல்றீங்களா?”

நஸீப் தரையைப் பார்த்தார். “அனுப்பிட்டாங்க எண்டா என்ன செய்யிற? புள்ளைகள நாங்க பாப்போம். அதுகள் உம்மா எண்டு யாரக் கூப்பிடுற?”

 ரபீகா பையின் பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒரு துண்டுக் கடுதாசிதானே, எத்தனை பேர் செய்கிறார்கள் என்று. சொல்லவில்லை.

“அனுப்பினா அனுப்பட்டும்” என்றார். “பொய் எழுதி நான் இங்க இருக்க மாட்டேன்.”

கிருஷாந்தி பேனாவை மூடி வைத்தார். “பொய்க் கடுதாசியெண்டால் நானும் தொட மாட்டன். அந்தக் கதை முடிஞ்சுது. இப்ப இதைச் சொல்லுங்கோ. நூற்றிருபத்தெட்டு நாள் நீங்கள் அந்த வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை எண்டதுக்கு என்ன ஆதாரம்? பள்ளிவாசல் கடிதம் அடக்கம் செய்த நாளைத்தான் காட்டும். வீட்டுக்குள்ள இருந்த ஆளுக்கு யார் சாட்சி?”

“முறைக் கொப்பி இருக்குதே” என்றார் ரபீகா, அது எல்லா வீட்டிலும் இருக்கும் பொருள் மாதிரி.

அந்த ஒழுங்கையில் ஒரு வழக்கம். ஒரு பெண் இத்தா உட்கார்ந்தால், மற்ற வீட்டுப் பெண்கள் முறை போட்டுக்கொள்வார்கள். இன்றைக்கு இன்ன வீட்டிலிருந்து ஒருவர் போய்ச் சாமான் வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, துணைக்கு இருக்க வேண்டும். முறை பிசகாமல் இருக்க ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதி வைப்பார்கள். ரபீகாவுக்கான கொப்பியை எழுதியவர் பஸ்லினா.

அடுத்த நாளே அவர் கொப்பியோடு, ரபீகாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். அறுபதைத் தாண்டிய, வாய் நிறையப் பேச்சுள்ள பெண். “பதினெட்டு வருஷமா ஈக்கிறா, இன்னமும் எங்கட கதிரைய சேர் எண்டு சொல்ற புள்ள. இவள அனுப்பி என்ன செய்யப் போறாங்க, அங்க போய் ‘பஸ் ஹோல்ட் எங்க’ எண்டு கேப்பா, அங்க உள்ளவங்களுக்கும் வெளங்காது” என்றபடி கொப்பியை மேசையில் வைத்தார்.

நான் அதை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். நூற்றிருபத்தெட்டு நாள், நூற்றிருபத்தெட்டுப் பதிவு. ஒரு நாளும் விடுபடவில்லை. திகதி, முறைக்கு வந்தவர் பெயர், அன்று நடந்தது. ‘தலைவலி. கஞ்சி கொடுத்தது.’ ‘பஹீம் வாப்பாவைக் கேட்டு அழுதான். ஆஸிகா தூங்கவைத்தது.’ ‘மெனிக்கே டீச்சர் முறை. பலாக்காய்க் கறி.’ அந்த டீச்சர் மேல்வீட்டுச் சிங்களப் பெண். தனக்கும் முறை வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினாராம். ஏப்ரலில் டீசல் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களிலும் பதிவு இருந்தது: ‘பஸ் இல்லை. நடந்து போய்ச் சாமான் வாங்கி வந்தது.’ பல்கலைக்கழகத்தில் ஆதாரம் திரட்டும் முறைகளைப் பற்றி ஒரு பாடமே படித்திருக்கிறேன். பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்தேன். இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

இருபத்தாறாம் நாளில், என்னோடு சேர்ந்து வாசித்த கிருஷாந்தியின் விரல் நின்றது. ‘மார்ச் 8. பஸ்லினா முறை. மர்சூக்கின் உடுப்புகளை மடித்து அலுமாரி ஒதுக்கியது.’ விசா முடிந்த அதே நாள்.

பஸ்லினா குனிந்து அந்த வரியைப் பார்த்தார். “அந்த நீலப் புத்தகத்தக் கையில எடுத்தேன் மகள்” என்றார் கிருஷாந்தியிடம். “தூசி தட்டினேன். தெறந்து பாக்கல்ல. மவுத்தான வூட்டுல அடுத்தவங்கட கடுதாசியத் தெறந்து பாக்கப் படாதே எண்டு உடுப்புக்கு அடியில வச்சேன். தெறந்திருந்தா…”

ரபீகா, தான் அக்கா முறையில் ராத்தா என்று அழைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நானும்தான் பக்கத்துல இருந்தேன் ராத்தா. நானும் திறக்கலையே.”

கொப்பி மட்டும் போதாது, அதில் பெயருள்ளவர்களில் ஐந்து பேர் சத்தியக்கடதாசி கொடுத்தால் நல்லது என்றார் கிருஷாந்தி. அடுத்த செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அலுவலக ஒழுங்கையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். எண்ணினேன், முப்பத்தொரு பேர். கைப்பிள்ளையோடு ஒருவர், கைத்தடியோடு ஒருவர், பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு வெள்ளை ஒசரிச் சேலை உடுத்திய மெனிக்கே டீச்சர். படிக்கட்டு நிறைந்து, குடைக் கடை வாசலும் நிறைந்தது.

“அம்மா, ஐஞ்சு பேர் எண்டுதானே சொன்னனான்” என்றார் கிருஷாந்தி.

“யாரத் திருப்பி அனுப்புற மகள்?” என்றார் பஸ்லினா. “எல்லாரும் முறை பாத்தவங்க. கொண்டக்டர் கலியாணமா எண்டு கேட்டான். சாட்சிக்கு எண்டேன். அவன் அதுக்குப் பொறகு வாயே தெறக்கல்ல.”

சத்தியக்கடதாசிகளை உறுதிப்படுத்த வரவழைத்திருந்த சமாதான நீதவான் மாலை நான்கு மணிவரை இருந்து முப்பத்தொரு பேரையும் தனித்தனியே கேட்டுக் கையொப்பம் வைத்தார். அநேகம் பேர் அதற்கு முன் நீதிமன்றத் தெருப்பக்கமே வராதவர்கள். ஒருவரும் மாற்றிச் சொல்லவில்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். எங்கள் தோட்டத்தில் ஒருவருக்காக இப்படி எத்தனை பேர் பஸ் ஏறுவார்கள் என்று நினைத்தேன். 

அவற்றை இணைத்துப் புதிய விசாவுக்கு விண்ணப்பித்தோம்; குடிவரவுத் திணைக்களத்தில் நேர்முகம் டிசம்பரில். அதிகாரி நடுத்தர வயதுக்காரர், சிங்களத்தில் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். மார்ச் 8ஆம் திகதிக்குக் கிருஷாந்தி அடையாளம் வைத்திருந்தார். அதிகாரி அங்கே மற்றப் பக்கங்களைவிட அதிக நேரம் நின்றார்.

“இந்த நாட்கள் சரி. ஜூனில் வெளியே வந்த பிறகு ஏன் வரவில்லை? இரண்டு வருடம்” என்றார்.

 அந்தக் கேள்விக்குக் கொப்பியில் பதில் இல்லை.

“பயந்துட்டேன்” என்றார் ரபீகா.

நான் சொன்னேன். அதிகாரி நிமிர்ந்து ரபீகாவைப் பார்த்தார். 

“யாருக்குப் பயம்?”

“உங்களுக்குத்தான் ஐயா.”

அதை மொழிபெயர்க்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த மேசைக்கு வருபவர்கள் பெரும்பாலும் நோய் என்றுதான் சொல்வார்கள்” என்றார். அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. பதில் கடிதத்தில் வரும் என்று அனுப்பிவிட்டார்.

கடிதம் வர பதினோரு வாரம் ஆனது. அதுவரை ரபீகா ஒரு நாள்கூட எங்களுக்குத் தொலைபேசி எடுத்து என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நான்தான் தபால்காரரைப் பிடித்துப் பிடித்துக் கேட்டேன். மார்ச் முதல் வாரம் உறை வந்தது. இலங்கைப் பிரஜைகளான பிள்ளைகளின் தாய் என்ற வகையில் ஒரு வருட வதிவிட விசா. கடிதத்தை நானே வத்தேகமவுக்குக் கொண்டு போனேன். ரபீகா இரண்டு முறை வாசித்தார். ஷஹ்மாவைக் கூப்பிட்டு, முடியும் திகதியைச் சுவர்க் கலண்டரில் எழுதச் சொன்னார். ஒழுங்கையில் இனி யார் இத்தா உட்கார்ந்தாலும், வீட்டிலுள்ள கடுதாசிகளின் திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்று அன்று மாலையே பெண்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்.

ரபீகாவுக்கு இப்போது நாற்பத்துமூன்று வயது. வத்தேகமவில் அதே வீட்டில் மகளோடும் மகனோடும் இருக்கிறார், பாடசாலைச் சீருடை தைக்கிறார். வெளிநாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஏழு பெண்களை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்திருக்கிறார். விசாவை இந்த வருடம் தானே போய்ப் புதுப்பித்தார். பிரஜாவுரிமைக்கான அவருடைய விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.