இழுவைப் படகில் ஒரு மொழிபெயர்ப்பு

அப்பாவின் மேலதிகாரிக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, தன் கீழ் வேலை செய்கிறவர்களின் பெயர்களையெல்லாம் தான் சரியாக உச்சரிப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தது. மற்றது, சிட்னித் துறைமுகத்தின் ஒரு மூலையில் கட்டிக்கிடந்த பழைய இழுவைப் படகு, கப்பல்களைக் கயிறு போட்டு இழுக்கிற வகை. உலகப் போரில் கடற்படைக்கு உழைத்த படகு அது. அவரும் சில நண்பர்களும் சனிக்கிழமைகளில் துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி அதற்கு உயிர் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்க்க வரும்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகக் குடும்பங்களையெல்லாம் அழைத்தார். அப்போது எனக்குப் பத்து வயது.

சிட்னிப் புறநகரான செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டில் மாமாவும் இருந்த காலம் அது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஊரில் சண்டை முடிந்த பிறகு படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் நெடுநாள் கிடந்து, தற்காலிக விசாவில் அப்போதுதான் வெளியே வந்திருந்தார். அவரோடு படகேறிய அவருடைய தம்பி, என் சின்ன மாமா, மட்டும் வரவில்லை. ஏன் என்று கேட்டால் அம்மா எழுந்து குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவார். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மாமாவை வீட்டில் விட்டுப்போகவே அப்பா விரும்பினார். அம்மா விடவில்லை. "இவ்வளவு நாளும் வேலிக்குள்ள கிடந்தவன். அவனும் வரட்டும்" என்றார். தொலைக்காட்சியைத் திறந்தால் படகில் வருகிறவர்களைத் திட்டுகிற பேச்சாகவே இருந்த நாட்கள் அவை. அப்பாவின் அலுவலகத்துத் தேநீர் வேளையிலும் அதே பேச்சுத்தானாம். காரில் ஏறியதும் அப்பா எனக்குச் சொன்னார்:

"ஆரும் கேட்டா மாமா ஹொலிடேயில வந்தவர் எண்டு சொல்லு. போட் கீட் எண்டு வாய் திறக்கக்கூடாது."

மாமா என் பக்கத்தில்தான் இருந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டினார், பிறகு கழற்றினார்.

படகின் பின்தளத்தில் எங்களை நிறுத்திவைத்து மேலதிகாரி அதன் சரித்திரத்தைச் சொன்னார். பீரங்கிப் பயிற்சிக்கு மிதக்கும் இலக்குகளை இழுத்துப் போனதில் தொடங்கியதாம் அதன் சேவை. பிறகு வடக்கே போய், குண்டுபட்டு ஓட்டை விழுந்த கப்பல்களைக் கரைக்கு இழுத்து வந்ததாம். சண்டை ஓய்ந்ததும் விற்றுவிட்டார்கள். நிலக்கரி ஏற்றிய தெப்பங்களை இழுத்து இழுத்துத் தேய்ந்து, ஒரு ஆற்றுச் சேற்றில் பாதி அமிழ்ந்து கிடந்ததை இவர்கள் தூக்கி எடுத்திருக்கிறார்கள். ஒரு புயலில் இழுவைக் கயிறு அறுந்து, இளம் மாலுமி ஒருவன் கடலில் வீசப்பட்ட கதைக்கு வந்ததும் மேலதிகாரியின் குரல் தாழ்ந்தது. வருடந்தோறும் அவன் பெயரை உரக்கச் சொல்லித் தண்ணீரில் பூப் போடுகிறார்களாம்.

நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். முடிக்குமுன்பே அவர் தலையாட்டிவிட்டார். பிறகு மேலதிகாரியின் முன்னால் போய் நின்று தமிழிலேயே பேசத் தொடங்கினார்.

"எங்களுக்கும் கயிறு போட்டவை, ஐயா. எஞ்சின் நிண்டுபோய்ச் சும்மா மிதந்து கிடந்தனாங்கள். ஒரு கப்பல் வந்து இழுத்தது. இழுக்க இழுக்கப் பலகை பிரிஞ்சு தண்ணி வந்திட்டுது. தம்பி என்ர கையைத்தான் பிடிச்சிருந்தவன், ஐயா. வழுகிப் போச்சு. இருபது வயசு. அவன்ர பேரை ஒருத்தரும் கேக்கேல்ல. நீங்கள் ஒருக்காக் கேளுங்கோ."

சின்ன மாமா எங்கே என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

மேலதிகாரி மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளை அழுத்தியது. அவர் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: செத்துக்கிடந்த படகுக்கு இப்படி உயிர் கொடுத்திருக்கிறீர்களே என்று மாமா மெய்சிலிர்த்துப் போனாராம்.

மேலதிகாரியின் கண்கள் கலங்கிவிட்டன. தன் இரண்டு கைகளாலும் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நெகிழ்ச்சியான காட்சி என்று யாரோ படம் எடுத்தார்கள். அம்மா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் மாமாதான் முதலில் பேசினார்.

"நல்லா மொழிபெயர்த்தீங்கள், அத்தான்."

அப்பா வானொலியைக் கூட்டிவைத்தார். எனக்கோ நிம்மதியாக இருந்தது. அப்பா செய்தது மாமாவுக்குத் தெரியாமல் தப்பிவிட்டதே!

அடுத்த கிழமை மெல்பேர்ணில், கிரான்பர்ன் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் வேலை கிடைத்திருப்பதாக மாமா சொன்னார். "போட்டு வாறன்" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனவர் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை. அம்மா தொலைபேசியில் அழைத்தால் பேசுவார். அப்பாவின் குரல் கேட்டால் வேலைக்கு நேரமாகிவிட்டது என்பார்.

நான் வளர்ந்த பிறகுதான் அம்மா ஒருநாள் சொன்னார். முகாமில் மாமாவின் விசாரணைகள் எல்லாம் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே நடந்தனவாம். தான் சொல்வது அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே அவர் ஆங்கிலம் படித்தாராம். பேச வராதாம், கேட்டால் ஒரு சொல் விடாமல் விளங்குமாம்.

அன்று படகில் மேலதிகாரி கையைக் குலுக்கக் குலுக்க மாமா அழுதுகொண்டு நின்றபோது, தம்பிக்காக அந்த வெள்ளைக்காரர் ஆறுதல் சொல்வதாக நம்பித்தான் அழுகிறார் என்று நினைத்தேன். பாவம், ஏமாந்துபோனார் என்று நினைத்தேன்.