கோடிக்கு வந்த ஆடுகள்

திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் வாழ்க்கைப்பட்ட மறு வருஷம், என் மாமனாரின் அண்ணன் இறந்துபோனார். அவர் மனைவியைப் பெரியத்தை என்று கூப்பிடுவேன். ஐம்பது வயதுக்கு மேல், பிள்ளை இல்லை. பாகம் பிரியாத சொத்து. அன்றைய வழக்கப்படி வயல் முழுவதும் என் மாமனாருக்கு வந்தது. பெரியத்தைக்கு எங்கள் வீட்டில் சோறும் துணியும். கஞ்சி ஊற்றுபவள் நான். கும்பாவை வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கருமாதியன்று பிறந்த வீட்டார் விதவைக்குக் கோடி என்று புதுச் சேலை போடுவார்கள். உடன்பிறந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை சேலை. அதில் புகுந்த வீட்டார் கை வைப்பதில்லை. அது அவளுக்கே சொந்தம். கருமாதி சொல்லப் போன ஆளிடம் பெரியத்தை ஏதோ சொல்லி அனுப்பியது எங்களுக்குத் தெரியாது.

விராலிமலைப் பக்கத்திலிருந்து பெரியத்தையின் தம்பிகள் ஐவரும் வந்தார்கள். மூத்தவர் கையில் ஒரு வெள்ளைச் சேலை. மற்ற நால்வரும் ஆளுக்கொரு பெட்டைச் செம்மறியைக் கயிற்றில் பிடித்திருந்தார்கள்.

"இது கருமாதி வீடா, ஆட்டுச் சந்தையா?" என்றார் மாமனார்.

மூத்த தம்பி தலைகுனிந்தார். "அக்கா கேட்டுச்சு. ஊரு சிரிக்கும்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தோம்."

உள்ளே இருந்து பெரியத்தையின் குரல் வந்தது. "உடுத்த ஒன்னு போதும் கொழுந்தனாரே. மத்ததையும் பெட்டியில வச்சு அந்துப்பூச்சிக்கா குடுக்கச் சொல்றீங்க?"

விதவை மூன்று மாதம் வாசல் தாண்டக் கூடாது. மறுநாள் விடியும்போதே பெரியத்தை ஆடுகளின் கயிறுகளை அவிழ்த்தார். தெருப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

"மூலையில உக்கார வேண்டியவ இங்கிட்டு எங்க கெளம்பிட்டே?"

"நான் உக்காந்துக்கிறேன் ஆத்தா. ஆட்டை நீ மேச்சுட்டு வாரியா?"

யாரும் மறிக்கவில்லை. கொல்லைக் கொட்டகையில் தனி அடுப்பு மூட்டினார். ஊரார் ஆடுகளையும் குட்டியில் பாதி என்ற பேச்சில் சேர்த்து மேய்த்தார். சில வருஷங்களில் பட்டி நிறைந்தது.

அறுப்பு முடிந்த வயலில் இரவில் ஆடுகளை அடைப்பதற்குக் கிடை என்று பெயர். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் கூலியாக நெல் கொடுப்பார். பெரியத்தையின் கிடைக்கு ஊரில் போட்டி இருந்தது. எங்கள் வயலுக்கு மட்டும் அது வந்ததில்லை. அங்கே விளைச்சல் இறங்கிக்கொண்டே போனது.

ஒரு சித்திரையில் மாமனார் கொட்டகைக்குப் போனார். தண்ணீர்க் குடத்தோடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

"மதினி, இந்த வருஷம் நம்ம வயல்லயும் கிடை போடுங்களேன்."

பெரியத்தை குட்டி ஒன்றின் காலிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நம்ம வயலுன்னா கூலி வேணாம், என் பாகத்தைக் குடுங்க. ஒங்க வயலுன்னா நெல்லு குடுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மாமனார் ஆடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் வயல்தான்," என்றார். அவ்வளவு மெல்ல அவர் பேசி நான் கேட்டதில்லை.

கிடை எடுத்த அன்று மாமனாரே நெல் மூட்டையைச் சுமந்து வந்து கொட்டகையில் இறக்கினார். கூடவே நானும் வந்திருந்தேன். பெரியத்தை அந்த நெல்லை ஒரு கை அள்ளி, ஊதி, உற்றுப் பார்த்தார். அவர் புருஷன் உழுத மண்ணின் நெல். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தார். பிறகு ஒரு படி குத்தி, அடுப்பில் உலை வைத்தார்.

"நீயும் இருந்து சாப்பிட்டுப் போ," என்றார், என் முகத்தைப் பார்த்து.